நொய்யலுக்கு யார் பில் கட்டுவது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்ட மலர்க்குழு நண்பர்கள், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "கவிதை மட்டும் வேண்டாம்பா, ஏற்கெனவே ஒரு ஃபைல் நிறைய நிலா வந்து கிடக்கு!" நல்லதாய்ப் போயிற்று. எனக்கு நிலாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதுவும் செத்த ஆற்றைப் பற்றி.

நம் சிவில் பாடப் புத்தகத்தில் 'கழிவுநீர்ச் சுத்திகரிப்பு' என்று ஒரு யூனிட் வருகிறதே, பத்து மார்க் கேள்விக்கு ஃப்ளோ சார்ட் போட்டுவிட்டுப் போகிறோமே, அந்த யூனிட்டில் ஒரே ஒரு கட்டம் விட்டுப் போயிருக்கிறது. ஸ்க்ரீன், கிரிட் சேம்பர், செட்லிங் டேங்க், ஏரேஷன் டேங்க் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இதையெல்லாம் ஓட்டுவதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்ற கட்டம் இல்லை. என் கட்டுரை அந்தக் கட்டத்தைப் பற்றியது.

நொய்யலை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைத் தாண்டி, நொய்யல் என்று தன் பெயரே கொண்ட ஊரில் போய்க் காவிரியில் சேருகிற ஆறு. என் அம்மாயி ஊர் சென்னிமலைப் பக்கம், இந்த ஆற்றை ஒட்டி. அங்கே 1992ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள். செலவு 16 கோடிக்கு மேல். அந்தக் காலத்து 16 கோடி! சுமார் 20 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். மேலே திருப்பூரில் அதே வருடங்களில்தான் பனியன் ஏற்றுமதி கிடுகிடுவென்று ஏறியது. சாயப்பட்டறை, சலவைப்பட்டறை என்று நூற்றுக்கணக்கில் முளைத்தன. பட்டறைத் தண்ணீர் ஓடைக்கு, ஓடைத் தண்ணீர் ஆற்றுக்கு, ஆற்றுத் தண்ணீர் அணைக்கு. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயத் தண்ணீர்த் தொட்டி ஆகிப்போனது.

எங்கள் அம்மாயி ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏனுங் தம்பி, தண்ணி இல்லீன்னா மழையைத் திட்டலாம், சர்க்காரைத் திட்டலாம். அணை நெறையாத் தண்ணிய வெச்சுக்கிட்டு, 'அய்யா சாமி, தொறந்து உட்றாதீங்க'ன்னு மனு எழுதிக் குடுத்தது நாங்கதானுங்." ஆயக்கட்டு விவசாயியே அணையைத் திறக்காதே என்று கேட்ட கதை வேறெங்காவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. கிணறெல்லாம் உப்பாகி, தென்னை குருத்துக் கருகி, மாடு கூட அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம்.

சாயத் தண்ணீர் என்றதும் எல்லாரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பாய் ஓடுது, நீலமாய் ஓடுது என்று போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுகிறார்கள். நிறம் சின்ன வில்லன், நண்பர்களே. பெரிய வில்லன் உப்பு. காட்டன் துணியில் ரியாக்டிவ் சாயம் நன்றாக ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ துணிக்கு எண்ணூறு லிட்டர் தண்ணீர் என்றால், 48 கிலோ உப்பு. ஏறக்குறைய துணியில் பாதி எடை! இந்த உப்பு துணியில் தங்குவதில்லை, சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டுத் தண்ணீரோடு முழுசாக வெளியே வந்துவிடுகிறது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் இறங்கும், கசடு படியும், தண்ணீர் பார்க்கக் கொஞ்சம் யோக்கியமாகத் தெரியும். கரைந்த உப்பு மட்டும் அப்படியே இருக்கும். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம்.

இங்கேதான் பொதுப் பணம் கதைக்குள் வருகிறது. சின்னப் பட்டறைகள் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது, பல பட்டறைகள் சேர்ந்து பொது நிலையம் கட்டட்டும் என்று 1991ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு கால் பங்கு, மாநில அரசு கால் பங்கு, மிச்சப் பாதி பட்டறைக்காரர்கள். 2012ல் மாற்றியமைத்தபோது இது மத்திய அரசு பாதி, மாநிலம் கால், பட்டறைக்காரர் கால் என்று ஆனது. நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 1990களின் கடைசியில் திருப்பூரில் எழுந்த முதல் தலைமுறைப் பொது நிலையங்கள் எந்த வேலையைச் செய்தன? சுண்ணாம்பு, ஃபெரஸ் சல்பேட் வேலைதான். உப்பை எடுக்கும் சரக்கே அவற்றில் இல்லை. நோய் ஒன்று, மருந்து ஒன்று, மருந்துக் கடை பில் மட்டும் சர்க்கார் கணக்கில்!

ஆகவே, மாசைத் தடுக்கப் பொதுப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று பட்டிமன்றம் வைப்பதில் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி. எதற்குக் கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் பேச வேண்டிய பேச்சு. கட்டடத்துக்குக் கொடுத்தால் கட்டடம் கிடைக்கும். திறப்பு விழாக் கல்வெட்டும் கிடைக்கும். சுத்தமான தண்ணீர் வேண்டுமானால் சுத்தமான தண்ணீருக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் கோர்ட் கதை. 1996ல் பாலாறு தோல் தொழிற்சாலை வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக அமைந்த ஆணையம் 2004ல் நொய்யல் பாசன விவசாயிகள் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 25 கோடி நஷ்டஈடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி 9 ஆயிரத்தைத் தொடவில்லை. ஒரு கிணறு போனதற்கு! 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் ஆரம்பித்துப் படிப்படியாக 10 காசு வரை அபராதம் என்றது. 2009ல் சுப்ரீம் கோர்ட்டும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்படியும் தண்ணீர் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொல்லி, கரன்ட்டையும் துண்டிக்கச் சொன்னது.

என் ஹாஸ்டல் ரூம்மேட்டின் அப்பா அப்போது ஒரு பட்டறையில் சாய மாஸ்டர். அவன் சொல்கிறான்: "நீ உங்க அம்மாயி கிணத்தப் பத்திப் பேசறே. எங்க வீட்ல அந்த வருஷம் அரிசி வாங்கக் கடன் வாங்கினோம். அதையும் உன் கட்டுரைல எழுது." எழுதிவிட்டேன், நண்பா. ஊரே ஸ்தம்பித்துப் போனது உண்மை. எத்தனையோ குடும்பங்கள் சொந்த ஊருக்கு மூட்டை கட்டியதும் உண்மை. அபராதம் கட்டிக்கொண்டே ஓட்டலாம் என்று கணக்குப் போட்டவர்கள் முதலாளிகள். கணக்குத் தப்பியபோது பட்டினி கிடந்தது மாஸ்டரும் ஹெல்ப்பரும். மூடு என்று கோர்ட் சொல்லும் வரை விட்டுவைத்தது யார் குற்றம் என்று நாங்கள் ரூமில் விளக்கணைத்த பிறகும் சண்டை போட்டிருக்கிறோம். இன்னும் தீரவில்லை.

அந்தச் சமயத்தில் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறைக்குப் பொது நிலையங்கள் மாறுவதற்காக. முதலில் உயிரியல் முறைச் சுத்திகரிப்பு, அப்புறம் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிப்பது. தண்ணீரும் திரும்பப் பட்டறைக்கு, உப்பும் திரும்பச் சாயத் தொட்டிக்கு. உப்புக் கரைசலையே சுத்தம் செய்து மறுபடி சாயம் போடப் பயன்படுத்தும் முறையும் வந்தது. கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 540 கிலோகலோரி வேண்டும் என்று முதல் வருட இயற்பியலில் மனப்பாடம் செய்தோமே, அந்த 540தான் இங்கே பில்லாக வந்து நிற்கிறது. ஒரே வெப்பத்தை இரண்டு மூன்று தடவை சுற்றிப் பயன்படுத்தினால் செலவு குறையும், அடியோடு போய்விடாது. விறகு, கரன்ட், மெம்பரேன், கெமிக்கல் எல்லாம் மாதா மாதம் வேண்டும். ஆர்டர் குறைந்த மாதத்தில் எவாப்பரேட்டரை நிறுத்திவிட்டு ராத்திரியில் வால்வைத் திறந்துவிடச் சொல்லி மனசு சொல்லும். மழை பெய்த மறுநாள் ஆற்றில் நுரை என்று செய்தி வருவதெல்லாம் சும்மா இல்லை.

இருந்தும் இந்த 200 கோடியை நான் முந்தைய மானியத்தைவிட உயர்வாக மதிக்கிறேன். காரணம், இது கடன். வாங்கியவன் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டுவதற்கு நிலையம் ஓட வேண்டும். அமெரிக்காவில் குயஹோகா என்ற ஆறு 1969ல் தீப்பிடித்தே எரிந்தது, அவ்வளவு எண்ணெய்க் கழிவு! 1972ல் சுத்த நீர்ச் சட்டம் போட்டு, ஊர்கள் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முக்கால் பங்கு செலவை மத்திய அரசே கொடுத்தது. 1987ல் அதை மாற்றிச் சுழல்நிதி ஆக்கினார்கள். ஒரு ஊர் குறைந்த வட்டியில் கடன் வாங்கும், அது திருப்பிக் கட்டும் பணம் அடுத்த ஊருக்குக் கடனாகப் போகும். நம் ஊர் மகளிர் குழுக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை, வாராவாரம் செய்கிறார்கள். பிரான்சில் 1964ம் வருடச் சட்டப்படி ஆற்றுப் படுகை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனம். தண்ணீர் எடுப்பவர்களிடமும் அழுக்காக்குபவர்களிடமும் வசூல் செய்து, அந்தப் பணத்தை அதே படுகையில் சுத்திகரிப்புக்கே உதவியாகக் கொடுக்கிறது.

நம்மிடமும் ஒன்று இருந்தது. 1977ம் வருட நீர் வரிச் சட்டம். தொழிற்சாலைகளும் உள்ளாட்சிகளும் பயன்படுத்தும் தண்ணீர் அளவுக்கு ஒரு சின்ன வரி, அதில் பெரும்பகுதி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குத் திரும்பி வரும். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். தொகை பெரிதில்லைதான். ஆனாலும் தண்ணீரை அழுக்காக்க ஒரு விலை உண்டு என்று சொல்ல இருந்த ஒரு நூலும் அறுந்தது.

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன். சிரிக்கக்கூடாது. பெட்டிக்கடையில் சோடா பாட்டிலுக்கு டெபாசிட் வாங்குவார்களே, அதே மாதிரி உப்பு மூட்டைக்கு டெபாசிட்! சாயப்பட்டறை உப்பு வாங்கும்போதே கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு பொது நிதியில் கட்டிவிட வேண்டும். பொது நிலையம் எவ்வளவு உப்பைத் திரும்ப எடுத்துத் தராசில் வைத்துக் காட்டுகிறதோ, அவ்வளவுக்குப் பணம் வாபஸ். ஆற்றில் விட்ட உப்புக்கு வாபஸ் இல்லை, அது ஆயக்கட்டு நிலத்தைத் திருத்தும் செலவுக்குப் போகட்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எவன் வால்வைத் திறக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பில் துரத்த வேண்டியதில்லை. உள்ளே போன உப்பு எத்தனை கிலோ, வெளியே எடுத்தது எத்தனை கிலோ, கழித்தல் கணக்கு. பில் இல்லாமல் உப்பு வாங்குவார்கள் என்று ரூம்மேட் உடனே ஓட்டை கண்டுபிடித்துவிட்டான். சாய மாஸ்டர் பிள்ளை அல்லவா! இருக்கட்டும், எவ்வளவு துணிக்குச் சாயம் போட்டோம் என்பதை மறைக்க முடியாதே. துணியிலிருந்து உப்பைக் கணக்கிடலாம், மேலே போட்ட கணக்கு மாதிரி.

இனி சாக்கடை. பட்டறைக்காரரைத் திட்டுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கோவையிலிருந்து கீழே வரும் வரைக்கும் நொய்யலிலும் அதை ஒட்டிய குளங்களிலும் கலப்பது நம் வீட்டு, நம் ஹாஸ்டல் கழிவுநீரும்தான். இதற்கு மாசுபடுத்தியவர் யார் என்று தேடினால் வாக்காளர் பட்டியலையே படிக்க வேண்டிவரும். இங்கே முழுக்கப் பொதுப் பணம்தான் வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைச் செலவழித்த விதத்துக்குத்தான் கங்கையைப் பார்க்க வேண்டும்.

கங்கைச் செயல்திட்டம் 1986ல் காசியில் தொடங்கியது. முதல் கட்டச் செலவு முழுவதும் மத்திய அரசு. நிலையங்கள் எழுந்தன, பம்புகள் வந்தன. ஓட்டும் பொறுப்பு மாநிலத்துக்கும் நகராட்சிக்கும். அவர்களிடம் கரன்ட் பில் கட்டக் காசில்லை. கரன்ட்டும் எப்போதும் இல்லை. மழைக்காலத்தில் பம்ப் மூழ்கியது, வெயில் காலத்தில் மோட்டார் நின்றது, சாக்கடை பழைய வழியிலேயே கங்கைக்குப் போனது. கட்டும் செலவு ஒருவர் தலையில், ஓட்டும் செலவு இன்னொருவர் தலையில் என்றால் இதுதான் நடக்கும். மாமனார் கார் வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளை பெட்ரோல் போட வழியில்லாமல் துணி போட்டு மூடி வைத்த கதை. 2014ல் வந்த நமாமி கங்கே திட்டத்தில் (20 ஆயிரம் கோடி!) இந்தப் பாடத்தைக் கொஞ்சம் படித்திருக்கிறார்கள். சில நிலையங்களுக்கு, கட்டும்போது 40 சதவீதம்தான் காசு. மீதி 60 சதவீதம் 15 வருடத்தில், ஒழுங்காக ஓட்டினால் தவணை தவணையாக. நான் கேட்பதும் இந்த மாதிரிதான்: நம் நகராட்சி நிலையங்களுக்கும் கான்ட்ராக்டருக்குக் கடைசி ரூபாய் பதினைந்தாவது வருடம் போகட்டும்.

ஓட்டும் செலவு என்று பயமுறுத்துகிறார்களே, அது எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். லட்சம் பேர் உள்ள ஊர். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று புத்தகம் சொல்கிறது. ஆக நாளொன்றுக்கு 108 லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்குக் கால் யூனிட் கரன்ட் என்று வைத்தால் 2,700 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 21,600 ரூபாய். பெரிய தொகையாகத் தெரிகிறதா? ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வருகிறது பாருங்கள். நாலு யூனிட். சுமார் 32 ரூபாய். நம் கேண்டீனில் மூன்று டீயும் ஒரு சண்டையும்! ஆள் சம்பளம், ரிப்பேர், கசடு அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் சேர்த்து இதுபோல் மூன்று மடங்கு வைத்தாலும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். இல்லாதவர்களுக்கு அரசு கட்டட்டும், இருப்பவர்கள் தண்ணீர் வரியோடு சேர்த்துக் கட்டலாம். ஒரே நிபந்தனை, அந்தக் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். தெருவிளக்குக்கும் பேருந்து நிலைய வளைவுக்கும் ஓடிவிடக் கூடாது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நிலையங்களை இரவு பகலாக ஓட்டப்போவது ஐ.ஏ.எஸ். அதிகாரி இல்லை. ஷிஃப்ட் ஆபரேட்டர், லேப் டெக்னீஷியன், எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர், அதாவது நாம்! போன வருடம் இன்டஸ்ட்ரியல் விசிட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் பார்த்தோம் (பெயர் வேண்டாம்). ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அங்கே ஷிஃப்டில் இருந்த அண்ணன், "அதெல்லாம் தெரியாது தம்பி, ஃபோன் பண்ணி ஆன் பண்ணச் சொன்னா ஆன் பண்ணுவேன், ஆஃப் பண்ணச் சொன்னா ஆஃப்" என்றார். அவர் மேல் தப்பில்லை. கான்ட்ராக்டர் கொடுக்கிற சம்பளத்துக்கு அவ்வளவுதான் கிடைக்கும். கோடிக்கணக்கில் மெஷின், அதை ஓட்ட தினக்கூலி! பொதுப் பணம் வாங்கும் நிலையத்தில் ஷிஃப்டுக்கு ஒரு டிப்ளமோக்காரராவது நிரந்தர வேலையில் இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். இதை நம் சங்கம் தீர்மானமாகப் போட்டு அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். சுயநலமா? கொஞ்சம் உண்டு.

கடைசியாக, கை வேலை ஒன்று இருக்கிறது. நம் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட எவ்வளவு ஆயிற்று, போன பன்னிரண்டு மாதமும் மாதாமாதம் கரன்ட் பில் எவ்வளவு, எத்தனை லட்சம் லிட்டர் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, சோதனைச் சாலை அறிக்கை என்ன சொல்கிறது என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். கரன்ட் பில்லைக் கேட்டதற்குக் காரணம், அறிக்கையில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், மோட்டார் ஓடாத மாதத்தை மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். சங்கத்தின் பெயரில் இதைப் போட முடியாது, தனி ஆளாகத்தான் போட வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஆளுக்கொரு ஊர் எடுத்துக்கொண்டால் கோவையிலிருந்து நொய்யல் ஊர் வரைக்கும் கரையோர நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் மனு போட்டுவிடலாம். நகல் வேண்டுவோர் மாலை நாலரைக்கு மேல் சங்க அறைக்கு வரவும். ரூம்மேட் திருப்பூருக்கு எழுத ஒப்புக்கொண்டிருக்கிறான்.